எண்பதுக்கு மேல்

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த பெண்கள் ஒன்று என்ற எண்ணை அடிக்க மாட்டார்கள். பழைய தட்டச்சு இயந்திரங்கள் பலவற்றில் ஒன்றுக்குக் கட்டையே கிடையாது. ஆங்கிலச் சின்ன 'எல்' எழுத்தை அடிக்கும்படிதான் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுப்பார்கள். அவசரத்தில் பூஜ்யத்துக்குப் பெரிய 'ஓ'வையும் தட்டிவிடுவார்கள். காகிதத்தில் படிக்கிற கண்ணுக்கு இதில் வித்தியாசம் ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும். என் தலைவலி எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது ஐயா, அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் திருமலை. வயது இருபத்தெட்டு. ஒரகடம் போகிற சாலையில் இருக்கும் பேட்டரித் தொழிற்சாலையில் புரோகிராமர். தொழிற்சாலைக்கே ஒரு கம்ப்யூட்டர்தான், ஆகவே புரோகிராமரும் ஒருவன்தான். சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். குடி, சீட்டு எந்தப் பழக்கமும் இல்லை. லாட்ஜில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள், எறும்புக்குக்கூடத் துரோகம் நினைக்காத ஆள் என்றுதான் சொல்வார்கள்.

ஃபேக்டரி இன்ஸ்பெக்டரான நீங்கள் தாண்டவராயனைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் புரோகிராமைப் பற்றித் தெரியாமல் அவரைப் பற்றிச் சொன்னால் நான் ஏதோ கொலைகாரன் மாதிரித் தெரியும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

லாரி பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடு. அதற்கு ஈயத்தை மாவுபோல அரைக்க வேண்டும். அரைக்கிற கொட்டகைக்கு மில் என்று பெயர். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அந்த மாவு மூக்கில் ஏறி ரத்தத்தில் சேரும். ஒரு மாதம் மில்லில் நின்றவர் அடுத்த மாதம் வெளியே வந்துவிட்டால் மெல்ல இறங்கும். வராவிட்டால் ஏறிக்கொண்டே போகும். முதலில் வயிற்றுவலி, பிறகு கை விழும், பிறகு மூளை. இது தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தினமும் ஷிப்டு முடிகிறபோது ஆளுக்கு ஓர் உருண்டை வெல்லமும் ஒரு வாழைப்பழமும் கொடுப்பார்கள். வெல்லம் ஈயத்தை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சொல்வார்கள். எல்லாரும் நம்பினார்கள். கொடுத்தவர்களும் நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தாண்டவராயன் நாற்பது வயதைத் தாண்டியவர். அவருடைய நிலம் தொழிற்சாலைக் காம்பவுண்டுக்குள்தான் போயிருந்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்த வேலை. வாய் கொஞ்சம் அதிகம். சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினார் என்று அவரை மூன்று மாதம் தொடர்ந்து மில்லிலேயே போட்டுவிட்டார்கள். அவரும் யூனியன்காரர்களும் சேர்ந்து சண்டை போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

"மனுசன் லிஸ்ட்டு போட்டா ஓரவஞ்சன பண்றான் சார். மிஷினு போடட்டும். மிஷினுக்கு நாங்க இன்னா மாமனா, மச்சானா?" என்று கேட்டார்.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான்.

அப்படித்தான் ஒப்பந்தம் ஆனது. மாதா மாதம் அறுபது பேருக்கு ரத்தம் எடுத்துச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்ப வேண்டும். யாருக்கு ஈயம் மிகவும் குறைவோ அந்தப் பன்னிரண்டு பேர் அடுத்த மாதம் மில்லுக்கு. யாருக்கு அதிகமோ அவர்கள் வெளியே, பாக்கிங்குக்கு. கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும், மனிதக் கை படாது. மூன்று மாதத் தண்டனையில் இருந்த தாண்டவராயன் ஏப்ரல் முதல் தேதிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதிகமாகத்தான் இருக்கும், முதல் ஆளாக வெளியே வந்துவிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இப்போது புரோகிராம். லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து ரஞ்சனி என்ற பெண் கம்ப்யூட்டரில் அடிப்பார். 54 என்று அடித்தால் கம்ப்யூட்டருக்கு அது எண் இல்லை. ஐந்து என்று ஓர் எழுத்து, நான்கு என்று ஓர் எழுத்து, அவ்வளவுதான். அதை எண்ணாக மாற்றினால்தான் எது பெரிது, எது சிறிது என்று பார்க்க முடியும். மாற்றும்போது எண்ணில் சேராத ஏதாவது குறுக்கே வந்தால் 'ரன்டைம் எரர் 106' என்று காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். எந்த ஆள், எந்த வரி, ஒன்றும் சொல்லாது. ஒருவர் வரியில் பிசகு என்றால் அறுபது பேருக்கும் பட்டியல் கிடையாது. இப்படி ஒரு பிடிவாதத்தை நான் எருமையிடம்கூடப் பார்த்ததில்லை.

மார்ச் மாதம் முழுவதும் ஒத்திகை. முதல் நாள் 'எல்' எழுத்தால் நின்றது. கண்டுபிடிக்க அரை நாள். அறுபது வரியையும் ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தேன். திருத்தினேன். அடுத்து 'ஓ'. திருத்தினேன். அடுத்து லீவில் போனவர்களுக்கு ரஞ்சனி 'ஆப்சென்ட்' என்று அடித்திருந்தார். அவர் மேல் என்ன தப்பு, லீவு என்றால் லீவு என்றுதானே அடிப்பார்கள். திருத்தினேன். அடுத்து எண்ணுக்கு நடுவில் ஓர் இடைவெளி. இடைவெளி கண்ணுக்கே தெரியாது ஐயா. அதற்கு ஒன்றரை நாள். கிணறு வெட்ட வெட்டப் பூதம்தான் வந்தது.

ஒவ்வொரு தடவை நின்றபோதும் பர்சனல் மேனேஜர் இராமச்சந்திரன் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பார். "மெட்ராஸ்லருந்து மெஷின எறக்கி, ஏசி போட்டு, செருப்ப வெளிய கழட்டிட்டு உள்ள வர்றோம். ஒரு 'ஓ'வுக்குப் படுத்துக்கிச்சுன்னா எப்படிய்யா திருமலை? நீ படிச்சிட்டுத்தான் வந்தியா?" என்பார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டார். எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். காது சுடும்.

மில் ஆட்களைக் கம்ப்யூட்டர் ரூமுக்குள் விடுவதில்லை. சட்டையில் இருக்கும் பொடி மெஷினுக்கு ஆகாது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். தாண்டவராயன் டீக்குப் போகிறபோதெல்லாம் அங்கே நிற்பார். "இன்னா சார், இன்னிக்கும் மக்கர் பண்ணுதா? வேப்பிலை அடிக்கட்டுமா?" என்று கேட்டுச் சிரிப்பார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை. எட்டு மணிக்குப் பட்டியல் ஒட்ட வேண்டும். நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் அறுபது பேரும் நிற்கிறார்கள். ஏழரைக்கு ஓட்டினேன். எரர் 106. மறுபடி ஓட்டினேன். 106. கண்ணாடிக்கு வெளியே யாரோ, "ஏப்ரல் ஃபூல் பண்ணுது டோய்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இராமச்சந்திரன் சார் சிரிக்கவில்லை. கடிகாரத்தைக் காட்டினார்.

முப்பத்தோராவது வரியில் எண்ணில் சேராத ஒரு குறி இருந்தது. நாற்பத்திநான்காவது வரியிலும் இருந்தது. ஐம்பத்திரண்டிலும். எனக்கு வெறுத்துவிட்டது. இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று எத்தனை மாதம் இந்த வரிகளுக்குப் பின்னால் ஓடுவது? எண்ணாக மாற்ற முடியாதது எது வந்தாலும் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு மேலே போ என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஓட்டினேன். நிற்கவில்லை. பிரின்டர் கரகரவென்று அடிக்க ஆரம்பித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஏழு ஐம்பத்தைந்துக்குப் பட்டியல் போர்டில் இருந்தது. அதற்குப் பிறகு அந்த மெஷின் ஒரு நாளும் நிற்கவில்லை.

மில்லுக்கான பன்னிரண்டு பெயரில் முதல் பெயர் தாண்டவராயன்.

பட்டியலில் பெயரும் போகிற இடமும் மட்டும்தான் இருக்கும், எண் இருக்காது. யூனியன் ஆட்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். தாண்டவராயன்தான் அடக்கினார். "த்தா, சும்மா கெடங்கடா. நாமதான மிஷினு வோணும்னு கேட்டோம்? நமக்குச் சாதகமா வந்தா நாயம், இல்லன்னா அநியாயமா? அது ரத்தத்தப் பாத்துதான் போட்டுகீது" என்று சொல்லிவிட்டு மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போனார். அவர் அன்றைக்கு ஒரு சண்டை போட்டிருந்தால் நான் அந்த வரியை எடுத்துப் பார்த்திருப்பேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மே மாதமும் அவர் பெயர் முதலில் வந்தது. அந்த மாதம் இருபத்தோராம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்த பிறகு இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். ரோடெல்லாம் போலீஸ், பஸ் ஓடவில்லை, ரத்தம் எடுக்கிற ஆள் வரவே இல்லை. ஜூன் பட்டியலுக்கு ரிப்போர்ட் கிடையாது. பழைய ஃபைலையே மறுபடி ஓட்டி எடுத்துக் கொடுத்தேன். அதே பன்னிரண்டு பேர். அப்படி ஒரு மாதத்தில் நான் வேறு என்ன செய்ய முடியும்?

ஜூலை முதல் தேதி ரஞ்சனி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். படப்பையிலிருந்து வருகிற பெண். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார்.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"லேப்ல சில பேருக்கு எம்பதுக்கு மேலன்னு போட்டு அனுப்புறாங்கல்ல சார், அந்த ஆளுங்க பேருதான் மில்லு லிஸ்ட்ல மொதல்ல வருது. போன மாசமும் அப்பிடித்தான். ஏப்ரல்லயும் அப்பிடித்தான். ஜாஸ்தி கீறவங்க வெளியதான சார் போவணும்? எனக்குத்தான் புரியலையோ இன்னாவோ."

அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

விஷயம் இதுதான். அந்த லேபில் இருந்த கருவி எண்பது வரைக்கும்தான் அளக்கும். அதற்கு மேல் போனால் எவ்வளவு என்று அவர்களால் சொல்ல முடியாது. அதனால் வாய் திறந்த ஒரு அம்புக்குறியைப் போட்டுப் பக்கத்தில் 80 என்று எழுதிவிடுவார்கள். எண்பதுக்கு மேல் என்று அர்த்தம். அம்புக்குறி எண் இல்லை. என் வரி அதைப் பூஜ்யம் ஆக்கியது. பூஜ்யம்தான் எல்லாவற்றிலும் குறைவு. ஆகவே ரத்தத்தில் ஈயம் தாங்க முடியாமல் போனவர்கள் எல்லாரும், ஈயமே இல்லாதவர்கள் என்று மில்லுக்குப் போனார்கள். போன மாதம் அளவு கொஞ்சம் ஏறியவர், இந்த மாதம் எண்பதைத் தாண்டியதும் அவரும் பூஜ்யம். அறுபதில் மூன்றாக இருந்தது ஜூலையில் நான்காக ஆகியிருந்தது.

இதைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டீர்கள். மூன்று வரி. அம்புக்குறியைப் பார்த்தால் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை எண்ணாக எடுத்துக்கொள் என்று சொன்னால் போதும். பத்து நிமிடம் ஆகாது. ரஞ்சனி போன பிறகு நான் உட்கார்ந்து எழுதவும் ஆரம்பித்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

எழுதும்போதுதான் யோசனை வந்தது. இப்போது திருத்தினால் ஜூலைப் பட்டியல் தலைகீழாக மாறும். மூன்று மாதமாக மில்லுக்குப் போனவர்கள் திடீரென்று பாக்கிங்குக்குப் போவார்கள். ஏன் என்று கேட்பார்கள். ஏப்ரல், மே, ஜூன் பட்டியல் எல்லாம் ஃபைலில் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பார்கள். இராமச்சந்திரன் சார் பார்ப்பார், யூனியன் பார்க்கும். நிரந்தரம் செய்கிற ஆர்டர் ஆகஸ்டில் வர வேண்டியது. புலி வாலைப் பிடித்தவன் கதை ஐயா. ஏப்ரலில் விட்டிருந்தால் ஒரு நாள் பட்டியல் தாமதம், அத்தோடு போயிருக்கும். ஜூலையில் விட்டால் மூன்று மாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் நான்கு. தள்ளிப்போடப் போடக் கனம் ஏறிக்கொண்டுதான் போனது.

அதனால் நிதானமாக ஒரு முடிவுக்கு வந்தேன். அவர்களுக்கு அளவு எண்பதுக்குக் கீழே இறங்கட்டும். இறங்கிவிட்டால் அம்புக்குறியே வராது, யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், நான் அமைதியாக அந்த மூன்று வரியைச் சேர்த்துவிடலாம். மில்லிலேயே நிற்பவருக்கு எப்படி இறங்கும் என்று கேட்கிறீர்கள். அது மருத்துவக் கேள்வி. நான் மருத்துவம் படித்தவன் இல்லை.

ரஞ்சனியைக் கூப்பிட்டு, "லேப்ல என்ன வருதோ அத அப்படியே அடிங்கம்மா. அதுக்கு மேல என் வேல" என்றேன். "சரிங்க சார்" என்று போய்விட்டார். அன்றிலிருந்து லேப் ரிப்போர்ட்டை எல்லாம் ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பாமல் தன் டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது. நல்ல பெண்தான். அந்த 'எல்' பழக்கம் ஒன்றுதான் குறை.

கம்பெனி டாக்டர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அவர் ரிப்போர்ட்டைக் கண்ணால் படிப்பார். வந்த பிறகு நான் அடித்துக் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போடுவார். எல்லாருமே அப்படித்தான். அறுபது பேரின் ரத்தத்தையும் கண்ணால் படித்த ஆள் அந்தத் தொழிற்சாலையில் ரஞ்சனி ஒருவர்தான்.

ஆகஸ்டு நடுவில் தாண்டவராயன் கண்ணாடிக் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். சிரிக்கத்தான் பார்த்தார்.

"சார், ஒரு உதவி. வவுத்துவலி உயிர் போவுது. சோறு எறங்கல. எங்கூட்டுக்காரி கனகம், காஞ்சிபுரத்துல ஒரு டாக்டராண்ட இட்டுகினு போனா. ஈயத்துல வேல செய்றவன்னு சொன்னவுடனே, ரத்தத்துல எவ்ளோ ஈயம் கீதுன்னு கம்பெனில எயுதி வாங்கிகினு வா, அத்தப் பாத்துட்டுதான் வைத்தியம்னு சொல்ட்டாரு. எயுதிக் குடுங்க சார்."

நான் எழுந்து மெஷினுக்குப் போனேன். அவருடைய டோக்கன் எண்ணை அடித்தேன். திரையில் 0 என்று வந்தது. ரஞ்சனியின் மேசை என் பக்கத்தில்தான் இருந்தது. அந்த மாத ரிப்போர்ட் அன்றைக்கு அதன் மேலேயே இருந்தது. ரஞ்சனி சாப்பாட்டுக்குப் போயிருந்தார். திரையில் வந்ததையே அடித்து எடுத்தேன். பெயர், டோக்கன் எண், ஈயம்: 0. கீழே கையெழுத்துப் போட்டு, கம்பெனி சீலும் வைத்தேன். வேறு என்ன எண்ணை எழுதுவது? எண்பதுக்கு மேல் என்று எழுதிக் கொடுத்தால், அப்புறம் ஏன் ஐந்து மாதமாக மில்லில் போட்டீர்கள் என்று அந்த டாக்டர் கேட்க மாட்டாரா?

"சைபரா சார்?" என்று தாண்டவராயன் கண்ணை விரித்தார். "அட, வெல்லம் வேல செஞ்சிகீது பாருங்க. நான் மத்தவன மாரி வூட்டுக்கு எடுத்தும் போவ மாட்டேன் சார், அங்கயே தின்னுடுவேன். எங்கூட்டுக்காரி ஈயம்தான் ஈயம்தான்னு ஒரே பேஜாரு. இத்தக் காட்டுறேன் அவளுக்கு."

தாளை வாங்கக் கையை நீட்டினார். மணிக்கட்டு தொங்கியது. விரல்கள் மடங்கவில்லை. தாள் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார், எடுக்க வரவில்லை. நான்தான் எடுத்து நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். "நல்லா இருங்க சார்" என்றார்.

ஈயம் இல்லை என்று சீல் போட்ட தாள் இருந்ததால் அந்த டாக்டர் வேறு காரணம் தேடினார். குடல்வால் என்று முடிவு செய்து ஒரு நர்சிங் ஹோமில் வயிற்றைக் கிழித்தார்கள். குடல்வாலில் ஒன்றும் இல்லையாம். அந்த டாக்டர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கொடுத்த எண்ணை வைத்துத்தானே எவனும் வேலை செய்ய முடியும்? என் நிலைமையும் அதுதான் என்பதை அவர் ஒருவராவது புரிந்துகொள்வார்.

அந்த மாதக் கடைசியில் எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. லாட்ஜில் எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தேன். நியாயமாகப் பார்த்தால் அப்போதாவது திருத்தியிருக்கலாம். ஆனால் கையில் கிடைத்த பிறகுதான் இழந்துவிடுவோமோ என்ற பயமே வருகிறது.

செப்டம்பர் முழுவதும் தாண்டவராயன் லீவு. அக்டோபரில் திரும்பி வந்தார். பட்டியல் அவரை மில்லுக்குப் போட்டது. நவம்பரிலும் போட்டது. அந்த மாதம் கூட வேலை செய்பவர்கள், "வுடம்பு முடியாதவன் எதுக்குப் போற, மேனேஜராண்ட சொல்லு" என்று தடுத்திருக்கிறார்கள். "ஒடம்புல ஈயமே இல்லாத ஆளு நான். நான் போவலன்னா புதுசா கண்ணாலம் ஆன பையன் எவனாச்சும் என் எடத்துல போவணும். அது பாவம்டா" என்றாராம். இதை எனக்கு ரஞ்சனிதான் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அப்போது வேறு ஒரு புரோகிராமில் மும்முரமாக இருந்தேன்.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி காலையில் மில்லில் அவருக்கு வலிப்பு வந்தது. வேனில் தூக்கிப் போட்டுச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் போய்விட்டார். அங்கே வேறு கருவி இருந்தது போலிருக்கிறது, முழுசாக அளந்திருக்கிறார்கள். நூற்று நாற்பத்திரண்டு.

துக்க வீட்டுக்குக் கம்பெனி சார்பில் மாலை எடுத்துக்கொண்டு இராமச்சந்திரன் சாரும் நானும் ரஞ்சனியும் போனோம். எனக்குப் போக விருப்பமில்லை. சார்தான் வண்டியில் ஏறு என்றார். மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கனகம் எழுந்து வந்தார். அழவில்லை. தலை விரிந்து கிடந்தது. கையில் நாலாக மடித்த அந்தத் தாள்.

"நீதான இத்தக் குடுத்த? இதுல சைபர்னு கீது. மெட்ராஸ்ல ஒடம்பு பூரா ஈயம்னு சொல்றாங்கோ. எது நெசம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மெஷின்ல வந்தத அப்படியே அடிச்சுக் குடுத்தேம்மா" என்றேன். அது பொய் இல்லை.

"மிஷினுக்கு இன்னா தெரியும்? அது பாத்துச்சா? நீ பாத்தல்ல? காயிதத்த வாங்க முடியாம அவரு கை தொங்கிச்சே, எடுத்துப் பையில வச்சது நீதானாமே? எங்கிட்ட வந்து சொன்னாரே பாவி, 'கம்ப்யூட்டர் சாரு தங்கமானவரு, அவரே எடுத்துப் பையில வச்சாருடி'ன்னு."

பெண்கள் யாரோ வந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். வேனில் திரும்பி வரும்போது ரஞ்சனி என் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. டிராயரில் இருந்த ரிப்போர்ட்டை எல்லாம் உங்கள் ஆபீசில் கொண்டுவந்து வைத்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் மேசைமேல் விரித்து வைத்திருப்பது என் புரோகிராமின் பிரின்ட் என்று தெரிகிறது. நீங்கள் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிற அந்த வரிக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருக்கும். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, நமக்காக எழுதிக்கொள்வது. 'எண்பதுக்கு மேல் உள்ளவர்களைப் பிறகு கவனிக்க வேண்டும்' என்று இருக்கும். தேதியும் போட்டிருப்பேன், 1-4-91. எனக்கு அந்த ஒழுங்கு எப்போதும் உண்டு. ஆமாம் ஐயா. ஜூலையில் ரஞ்சனி சொல்லித்தான் தெரியும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். முப்பத்தோராவது வரி யாருடையது, அந்தக் குறிக்கு என்ன அர்த்தம், பூஜ்யம் என்று போட்டால் அவர் எங்கே போவார் என்று முதல் நாள் காலை ஏழு ஐம்பதுக்கே எனக்குத் தெரியும். வெளியே சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மணிக்குப் பட்டியல் வேண்டியிருந்தது. ஒரு மாதம்தானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். செய்தது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

டிசம்பர் பட்டியலைப் பற்றியும் கேட்டீர்கள். நடந்ததை மறைக்க ஒன்றும் இல்லை. ரஞ்சனி இல்லாததால் ரிப்போர்ட்டை நானே அடித்தேன். ஒன்றாம் தேதி ஞாயிறு, அதனால் திங்கட்கிழமை காலை ஓட்டினேன். தாண்டவராயன் பெயருக்கு நேரே லேபில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள். வெறும் இடத்தையும் எண்ணாக மாற்ற முடியாது. பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் வந்தது. இடம்: மில். அதை அப்படியே போர்டில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. நான் ஒன்றும் கல் இல்லை. பேனாவை எடுத்து அவர் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். ஓர் ஆள் குறைந்ததால் பதின்மூன்றாவது பெயரைக் கீழே சேர்த்து எழுதினேன். அவருக்குக் கீழே இன்னும் நான்கு பூஜ்யங்கள் இருந்தன. அவற்றை நான் தொடவில்லை. தொட வேண்டிய அவசியம் அன்றைக்கு வரவில்லை ஐயா. அந்த நான்கு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள்.